‘புட் மீ’க்குப் பின்னால் வரவேண்டிய சொல்

ரமா டீச்சரிடம் கடைசியாக மிஞ்சியவை மூன்று சொற்கள். ஒன்று ‘யெஸ்’. அதை நம்ப முடியாது. எதைக் கேட்டாலும் அதுவே பதில். மற்ற இரண்டும் சேர்ந்தே வரும். ‘புட் மீ.’

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டுக்குப் பின்னால் இன்னொரு சொல் வரவேண்டும். அந்த இடத்தில் வாய் திறந்தபடி நிற்கும். உதட்டின் வலது ஓரம் தொங்கும். கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

“புட் மீ...”

“என்னம்மா? எங்க? சொல்லு.”

“புட் மீ.”

“திரும்பிப் படுக்கணுமா?”

“யெஸ்.”

“ஃபேன் வேணுமா?”

“யெஸ்.”

“நான் யாரு, பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீயா?”

“யெஸ்.”

மகள் ஸ்நேகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பிறர் எழுதிய நிரல் எங்கே உடையும் என்று சோதித்துச் சொல்லும் பிரிவு. அம்மா படுத்தபின் பெரும்பாலும் சிட்லபாக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். முன்னறையில் மடிக்கணினி, உள்ளறையில் அம்மா. நடுவிலுள்ள கதவை அவள் சாத்துவதில்லை. அந்த இன்னொரு சொல் எந்த நேரத்திலும் வரலாம். வரும்போது காதில் விழவேண்டும்.

வேறு யாருக்கு இப்படி ஆகியிருந்தாலும் அது ஒரு நோய், அவ்வளவுதான். ரமா விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியவில்லை. அந்தச் சின்னச் சொல்லுக்காகவே ஆயுள் முழுவதும் மல்லுக்கு நின்றவர் அவர்.

பிறந்தது பல்லாவரம். படித்தது, கல்யாணமாகி வந்தது, வேலைக்குப் போனது எல்லாம் அதே மின்சார ரயில் பாதையை ஒட்டித்தான். தாம்பரத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்தினார். கணவர் ஸ்ரீநிவாசராகவன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் பட்டறையில் தர ஆய்வாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமே ஒரு ஸ்கூட்டரில் கிளம்பும். மகன் உமேஷ் முன்னால் நிற்பான். ஸ்நேகா அப்பா முதுகுக்கும் அம்மா வயிற்றுக்கும் நடுவில். அவளுக்கு வழியில் எதுவுமே தெரியாது. அப்பாவின் சட்டைத் துணி தெரியும். அம்மாவின் கை தன்னைச் சுற்றிப் போய் அப்பாவின் பெல்ட்டைப் பிடித்திருப்பது தெரியும்.

அவள் கல்லூரி முடிக்கும் முன்பே அப்பா போய்விட்டார். உமேஷ் கனடாவில் குடியேறினான். ரமா ஓய்வு பெற்று மறு மாதமே மாடி அறையில் பெஞ்ச் போட்டு சனி, ஞாயிறு வகுப்பு ஆரம்பித்தார். கால் சென்டர் வேலைக்கு முயல்கிறவர்கள், பட்டறைப் பையன்கள், வெளிநாடு போகத் துடிக்கும் நர்ஸ் பெண்கள் என்று கலவையான கூட்டம் வந்தது. கானத்தூர் குப்பத்திலிருந்து அருண்ராஜ் என்று ஒருவன், இரண்டு பஸ் மாறி, மீன் கூடைக்காரிகளோடு இடித்துக்கொண்டு வருவான்.

பெரிய வார்த்தைகள் மேல் ரமாவுக்கு மரியாதை கிடையாது. அகராதியில் பார்த்தால் ஆச்சு என்பார். சின்னதுகள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆஃப், ஆன், அப், டவுன், அவுட்.

“ஃபேனை என்ன பண்ணுவே அருண்?”

“ஆஃப் பண்ணுவேன் மிஸ்.”

“இங்க்லீஷ்ல?”

“ஸ்விட்ச் ஆஃப் இட் மிஸ்.”

ரமா இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். “போச்சு. குழந்தையைக் கீழ தள்ளிட்டே.”

“எந்தக் கொழந்த மிஸ்?”

“ஸ்கூட்டர்ல அப்பா, அம்மா, குழந்தை போறா. குழந்தையை எங்க உக்கார வைப்பே?”

“நடுவுல.”

“கடைசில உக்கார வச்சா?”

“கேம்ப் ரோடு பள்ளத்துல வுழுந்துடும் மிஸ்.”

“அவ்வளவுதான் இலக்கணம். இட், ஹிம், ஹர், மீ எல்லாம் குழந்தை. ஸ்விட்ச் வண்டி ஓட்டறது. ஆஃப் பின்னாடி உக்காந்து பிடிச்சுக்கறது. இட் நடுவுல. ‘ஃபேன்’னு பேர் சொன்னா அது பெரிய ஆள். நடுவுலயும் உக்காரும், பின்னாடியும் உக்காரும். குழந்தைக்கு அந்த உரிமை கிடையாது.”

“அப்போ லுக் ஆஃப்டர்? லுக் மீ ஆஃப்டரா மிஸ்?”

“அது ஷேர் ஆட்டோ. முன்னாடியே டிரைவர் பக்கத்துல ஒருத்தன் ஒட்டிண்டு உக்காந்திருப்பான், நடுவுல இடமேது? குழந்தை பின் சீட்டுதான். லுக் ஆஃப்டர் மீ.”

நம் ஊரில் எல்லோரும் ஆங்கிலத்தின் வாலை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து ‘பண்ணு’வில் ஒட்டிவிட்டோம் என்பது அவருடைய நிரந்தரப் புகார். ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு, அவுட் பண்ணு. தலையை அங்கேயே விட்டுவிட்டோம். அந்தத் தலையைத் திரும்பப் பொருத்துவதுதான் தன் வேலை என்று நினைத்தார். நிறையப் பேருக்குப் பொருத்தியும் அனுப்பினார்.

ஸ்நேகாவுக்கு நன்றாக நினைவிருக்கும் வகுப்பு ஒன்று உண்டு. காபி கொண்டுபோனவள் மாடிப்படியில் நின்று கேட்டாள். அன்றைக்கு ‘புட்’.

“குழந்தையைத் தொட்டில்ல படுக்க வச்சா புட் டவுன். பஸ்லேர்ந்து ஆளை இறக்கி விட்டாலும் புட் டவுன். பேரை எழுதிண்டா புட் டவுன். நாலு பேர் நடுவுல ஒருத்தனை மட்டம் தட்டினா புட் டவுன். பிழைக்காத நாய்க்கு வலியில்லாம ஊசி போட்டு அனுப்பி வச்சா அதுவும் புட் டவுன்.”

“இன்னா மிஸ் இது, பேஜாராக் கீது! படுக்க வெக்கறதும் அதான், சாவடிக்கறதும் அதானா?” என்றான் அருண்ராஜ்.

“நம்ம ‘போடு’ மட்டும் யோக்கியமா? சட்டை போடற. டீ போடற. சண்டை போடற. மொட்டை போடற.”

“ஆளையும் போடுவாங்க மிஸ்.”

வகுப்பே சிரித்தது. ரமாவும் சிரித்தார். “அதையும்தான். பக்கத்துல யார் உக்காந்திருக்கான்னு பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல முடியும். தனியா ‘புட் டவுன்’னா என்ன மிஸ்னு கேட்டா எனக்கே தெரியாது.”

ஒரு பொங்கல் கழிந்த வாரத்தில், காபி கலந்துகொண்டிருந்தவர் டம்ளரோடு சரிந்தார்.

பக்கவாதம், மூளையின் இடது பக்கம் என்றார்கள். வலது கை, வலது கால் போயின. தமிழ் முழுதாகப் போயிற்று. நரம்பு மருத்துவர் பொறுமையான மனிதர். படத்தைக் காட்டி விளக்கினார். இந்த இடம் அடிபட்டால் பேச்சில் கல் மட்டும் மிஞ்சும், சிமெண்ட் போய்விடும் என்றார். சொற்களை ஒட்டும் சின்னச் சொற்கள், உருபுகள் முதலில் போகும்.

“அம்மா இங்க்லீஷ்ல ஏதோ சொல்றாங்க சார். தமிழ் ஏன் வரலை?”

“சிலருக்கு அப்படி ஆகும்மா. வேலைக்காகத் தினம் பேசின பாஷை கொஞ்சம் தங்கிடும். எது தங்கும்னு யாரும் சொல்ல முடியாது.”

கவனித்துக்கொள்ள புஷ்பலதா வந்தாள். நோயாளிகளைப் பார்க்க ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று அனுப்பியது. அவளும் கானத்தூர்ப் பக்கம்தான். அம்மா முத்தாலம்மாள் மீன் விற்பவள். வீட்டோடு தங்கி, வாரம் ஒரு நாள் போய் வருவாள். முதல் நாளே சமையலறையை மோப்பம் பிடித்துவிட்டு, “இன்னாக்கா, ஒரு கருவாட்டு வாசன கூட இல்லாம எப்டிக்கா தூங்கறீங்க?” என்றாள்.

முதல் சில மாதங்கள் நம்பிக்கையாகத்தான் இருந்தன. ரமாவுக்கு ஏழெட்டு வினைச்சொற்கள் திரும்பி வந்தன. வண்டியோட்டியும் குழந்தையும் வந்தார்கள். பின்னால் உட்கார ஆள் மட்டும் வரவில்லை.

“ஸ்விட்ச் இட்...” என்பார், விளக்கைப் பார்த்து.

“ஆஃபா, ஆனா? இன்னா பண்ணணும், கரீட்டா சொல்லு டீச்சரம்மா,” என்பாள் புஷ்பலதா.

ரமாவின் வாய் திறந்தபடி நிற்கும். புஷ்பலதா ஆஃப் பண்ணிப் பார்ப்பாள். ரமா கட்டிலைத் தட்டுவார். ஆன் பண்ணுவாள். இடது கை அடங்கும். ஒருத்தியிடம் தலை இருந்தது, ஒருத்தியிடம் வால் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆனார்கள். முன்னறையில் ஸ்நேகா அதைக் கேட்டுக்கொண்டு தட்டச்சு செய்வாள். இப்படியே போனாலும் போதும் என்று நினைத்தாள்.

இரண்டாவது முறை வந்தது அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ‘யெஸ்’ஸையும் ‘புட் மீ’யையும் மட்டும் விட்டுவைத்தது. விழுங்கும் திறனும் போனதால் மூக்கில் குழாய். கஞ்சியையும் பாலையும் அதன் வழியாக ஊற்றினார்கள். ஊற்றியபின் அரை மணி நேரமாவது கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியே வைக்கவேண்டும். இறக்கினால் உணவு எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும் என்று மருத்துவமனையில் புஷ்பலதாவுக்கும் ஸ்நேகாவுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். வாடகைக்கு எடுத்த கட்டில். கால்மாட்டில் ஒரு கைப்பிடி. வலப்பக்கம் சுற்றினால் தலைமாடு ஏறும், இடப்பக்கம் சுற்றினால் இறங்கும். புண் வராமலிருக்க மேலே ஒரு காற்று மெத்தை. அதன் மோட்டார் இரவும் பகலும் முனகும்.

ஆளாளுக்கு அந்த இடத்தை ஒரு சொல்லால் நிரப்பினார்கள்.

உமேஷ் வீடியோ அழைப்பில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்தான். “புட் மீ த்ரூ! போன் லைன் குடுன்னு கேக்கறா. என்னோட பேசணுங்கறா, ஸ்நேகா. உனக்குப் புரியலையா?”

“நீதான் லைன்ல இருக்கியே.”

“அது அவளுக்குத் தெரியலை.”

புஷ்பலதாவுக்கு வேறு பயம். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். “யக்கா, புட்னா போடறதுதானே?”

“ஆமா.”

“மீனா நானு.”

“ம்.”

“அப்போ என்னப் போட்டுடுன்னா சொல்றாங்க?”

ஸ்நேகாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மருத்துவர் நாசூக்காகச் சொன்னார். சில நோயாளிகளுக்கு இப்படி ஒரு துண்டு நாக்கில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பொருள் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அதே சந்திப்பில்தான் இன்னொன்றும் சொன்னார்.

“அடுத்த தடவை நுரையீரல்ல இறங்கிடுச்சுன்னா மூச்சு தாங்காது. வெண்டிலேட்டர் வைக்கலாமா, இல்ல வீட்லயே அமைதியா விட்டுடலாமான்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க. அவங்க எப்பவாவது இதைப் பத்திச் சொல்லியிருக்காங்களா?”

சொன்னதில்லை. சாவு பற்றிப் பேச்சு வந்தால், “வர்றப்போ பாத்துக்கலாம், இப்போ பேப்பர் திருத்தணும்,” என்று எழுந்து போகிறவர் ரமா. ஸ்நேகா உமேஷிடம் கேட்டாள். “எதையும் விடாதே. நான் வர்றவரைக்கும் வச்சிரு,” என்றான். வச்சிரு. அதுவும் ஒரு ‘புட்’தான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆகவே அந்தச் சொல் வேண்டியிருந்தது. ‘ஆன்’ என்றால் வெண்டிலேட்டரில் போடு என்று ஒரு முடிவு. ‘டவுன்’ என்றால் வேறு முடிவு. அம்மா உள்ளே எங்கேயோ அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் தினமும் இத்தனை முறை கூப்பிடுகிறார் என்று ஸ்நேகா நம்பினாள். அதைக் கேட்காமல் அவர் உயிரைப் பற்றித் தானே முடிவு செய்வது அவளால் ஆகாத காரியமாக இருந்தது.

அவளுக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதினாள். ஆன், ஆஃப், அப், டவுன், அவுட், த்ரூ. கட்டிலை உயர்த்தி, கண்ணாடி மாட்டிவிட்டு, ஒன்றொன்றாகக் காட்டினாள்.

“புட் மீ ஆன்?”

“யெஸ்.”

“புட் மீ டவுன்?”

“யெஸ்.”

“அம்மா, உன் பேர் ரமாவா?”

“யெஸ்.”

“உன் பேர் புஷ்பலதாவா?”

“யெஸ்.”

“ஆங்! என் பேரையும் புடுங்கிகினியா டீச்சரம்மா?” என்றாள் புஷ்பலதா, துணி மடித்தபடி.

சரியான அட்டையை இடது கையால் தொடச் சொன்னாள். ரமா எது பக்கத்தில் இருந்ததோ அதைத் தொட்டார். அட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் பக்கத்தில் இருந்ததைத் தொட்டார். வேறொரு நாள் எல்லா அட்டைகளையும் கையால் துழாவிக் கீழே தள்ளினார். எந்த உள்ளீட்டுக்கும் ஒரே விடை தரும் கருவியை அலுவலகத்தில் பழுது என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். ஸ்நேகா அட்டைகளைப் பொறுக்கி எடுத்து மறுநாளும் காட்டினாள். அதற்கடுத்த வாரமும் காட்டினாள். ரமாவின் கண்ணில் நீர் வந்த நாளில் நிறுத்தினாள். அது அழுகையா, கண்ணாடி உறுத்தலா என்பதும் தெரியவில்லை.

மருத்துவர் எச்சரித்த அந்த ‘அடுத்த தடவை’ ஒரு புதன்கிழமை முற்பகல் வந்தது. ஸ்நேகா ஒரு கூட்டத்தில் இருந்தாள். காதில் கருவி, அன்று பேசுகிறவள் அவள், அதனால் உள்ளறைச் சத்தம் கேட்காமலிருக்கக் கதவை முதல்முறையாக ஒருக்களித்து வைத்திருந்தாள். புஷ்பலதா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“யக்கா, டீச்சரம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்துகினு கீது. வாக்கா!”

தலைமாடு உயர்ந்துதான் இருந்தது. ரமாவின் நெஞ்சுக்குள் கொழகொழவென்று சத்தம். உதடு நிறம் மாறியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. கேம்ப் ரோடு சந்திப்பில் யாரும் வழி விடவில்லை. வழி விட இடமும் இல்லை. வண்டிக்குள் ஸ்நேகா அம்மாவின் வாயருகே காதை வைத்துக்கொண்டு வந்தாள். காற்று மட்டும் வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் சின்ன வயது. முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. வேகமாக வந்து கேட்டார்.

“மேடம், ஷால் வி புட் ஹர் ஆன்?”

முழு வாக்கியம். முன்னால் புட், பின்னால் ஆன், நடுவில் பத்திரமாக ஹர். இத்தனை நாள் காத்திருந்த சொல் வேறொருவர் வாயிலிருந்து வந்தது. கேள்வியாக வந்தது.

“மேடம்?”

“யெஸ்,” என்றாள் ஸ்நேகா.

சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. அம்மாவின் யெஸ் மாதிரியே இருந்தது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பாள்.

வாயில் குழாய் வைத்தபின் ரமாவால் அந்த இரண்டு சொற்களையும் சொல்ல முடியவில்லை. குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று இடது கையையும் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். பார்வையாளர் நேரத்தில் ஸ்நேகா கவச அங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றாள். ஒரு முறை ரமா கண்ணைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். யாரென்று தெரிந்து பார்த்தாரா, சும்மா பார்த்தாரா என்று தெரியாது. உமேஷுக்கு டிக்கெட் கிடைத்து விமானம் ஏறியிருந்தபோது இதயம் நின்றது. குழாயை எடுக்கலாமா என்று யாரும் அவளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

குரோம்பேட்டை மின்மயானம். காரியங்கள். உமேஷ் வந்தான், அழுதான், போனான். போகும்போது, “கடைசி வரைக்கும் என்கிட்ட பேசணும்னுதான் சொல்லிண்டிருந்தா,” என்றான். ஸ்நேகா மறுக்கவில்லை. அவனிடமாவது ஒரு சொல் இருக்கட்டும்.

அருண்ராஜ் வந்திருந்தான். இப்போது ஏதோ வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. மாடி அறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். இறங்கி வந்து, “இன்னிக்கும் ‘இட்’டை நடுவுல வைக்கறப்போல்லாம் மிஸ் மூஞ்சிதான்கா,” என்றான். காபி குடித்துவிட்டுப் போனான்.

புஷ்பலதா கிளம்பும் நாள். ஏஜென்சிக்காரர்கள் பள்ளிக்கரணையில் ஒரு பாட்டியைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். ஆனால் போகவில்லை. உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலிக் கட்டிலில் காற்று மெத்தையின் மோட்டார் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த இத்தனை நாளும் யாருக்கும் தோன்றவில்லை.

“யக்கா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“அன்னிக்கு ட்யூப்ல கஞ்சி குட்த்தேன் இல்ல? குட்த்துட்டு ஏத்திதான் வச்சிருந்தேன். எறக்கக் கூடாதுன்னு தெரியும்கா, தெரியாம இல்ல. டீச்சரம்மா புட் மீ, புட் மீன்னு சொல்லிகினே கீறாங்க. நானும், இரும்மா, இரும்மான்னுகினே இருந்தேன். அப்பறம் டவுன்னாங்க.”

ஸ்நேகா நிமிர்ந்தாள். “என்னது?”

“டவுனு. புட் மீ டவுன். எனுக்கு நல்லா கேட்டுச்சுக்கா. என் கண்ணப் பாத்து சொன்னாங்க. அத்தினி மாசமா கேட்டுகினு இருந்தாங்களே, வாய் தொறந்து முழுசா சொல்றாங்களேன்னு எனுக்கு ஒரே இதாப் போச்சு. கைப்பிடியச் சுத்தி எறக்கிட்டேன். அப்டியே கண்ண மூடிகினாங்க. மூஞ்சி அமைதியா ஆச்சு. அப்பறம் சொல்லவே இல்ல. கொஞ்ச நேரத்துல இருமல் வந்துச்சு. பயந்துட்டு திருப்பி ஏத்திட்டுத்தான் உங்களக் கூப்ட்டேன்.”

மோட்டார் முனகியது.

“என்னாலதானாக்கா?”

ஸ்நேகாவுக்கு விடை தெரியும். கஞ்சி ஊற்றிய வேளை தெரியும், இறக்கியது தெரியும், நெஞ்சில் கேட்ட சத்தம் தெரியும். வரிசையாக வைத்தால் ஓட்டை இல்லை.

“இல்ல,” என்றாள். “நுரையீரல் முன்னாடியே கெட்டுப் போயிருந்தது. டாக்டர் சொன்னார்.”

புஷ்பலதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

‘டவுன்’ என்று அம்மா உண்மையிலேயே சொன்னாரா? சொல்லியிருக்கலாம். மூளையில் எங்கேயோ ஒரு கம்பி ஒரு கணம் ஒட்டியிருக்கலாம். அல்லது வால்கள் மட்டுமே தெரிந்த புஷ்பலதாவின் காதில் ஒரு வால் விழுந்திருக்கலாம். இருமலோ பெருமூச்சோ டவுனாகக் கேட்டிருக்கலாம். அல்லது பாவப்பட்டு இறக்கிவிட்டு, பிறகு தாங்க முடியாமல் அந்தச் சொல்லை அவளே உண்டாக்கியிருக்கலாம். மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாத சோதனை இது.

சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும் என்ன? படுக்க வை என்றாரா? ஸ்கூட்டரிலிருந்து இறக்கி விடு என்றாரா? அந்த நாய்க்குச் செய்ததைச் செய் என்றாரா? பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல முடியும் என்றவர் அவர். பக்கத்தில் புஷ்பலதா இருந்தாள், கஞ்சிக் கிண்ணம் இருந்தது, கைப்பிடி இருந்தது. ஸ்நேகா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

“இத ஆஃப் பண்ணிடட்டாக்கா?” என்றாள் புஷ்பலதா, மோட்டாரைக் காட்டி.

“பண்ணு.”

முனகல் நின்றது. மெத்தை உஸ்ஸென்று காற்றை விடத் தொடங்கியது. புஷ்பலதா பையை எடுத்துக்கொண்டு, “போய்ட்டு வரேங்கா,” என்று சொல்லிவிட்டு, சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.

மதியம் கட்டில்காரர்கள் இரண்டு பேர் ‘சின்ன யானை’ சரக்கு வண்டியோடு வந்தார்கள். மெத்தையைச் சுருட்டினார்கள். ஒருவர் தலைமாட்டைத் தட்டிப் பார்த்தார். அது உயர்ந்தே நின்றது.

“மேடம், இத்தக் கீழ எறக்கினாத்தான் வண்டில ஏறும். கைப்பிடி எங்க கீது?”

“நான் பண்றேன்,” என்றாள் ஸ்நேகா.

குனிந்து கைப்பிடியை இடப்பக்கம் சுற்றினாள். எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது. தலைமாடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சட்டத்தோடு பொருந்தியது. அதன் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“போதும் மேடம்,” என்றார் அவர். “எறங்கிடுச்சு.”